ஏழாவது பதிவு

ஏழாவது ஒலிப்பதிவைப் போடும்போது நான் எப்போதும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு என் முதுகு மட்டும் தெரியும். அவசர அழைப்பை எடுப்பவர்களுக்கு, ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை, போனிலேயே வீட்டாரைக் கொண்டு விழுந்தவரின் நெஞ்சை எப்படி அழுத்த வைப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் ஆறும் நல்லபடியாக நடந்த அழைப்புகள். ஏழாவது, எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு. பெயர்களை வெட்டிவிட்டு, குரல்களையும் தடிமனாக்கி வைத்திருக்கிறோம். அதில் அழைப்பை எடுத்தவளின் குரல் ஜலதோஷம் பிடித்த எருமை பேசுவது போல இருக்கும். அது என் குரல் என்பது மேலதிகாரிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று காலை ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதிவு ஓடியது. வீட்டுக்காரர் சமையலறையில் விழுந்துவிட்டார் என்கிறார் ஒரு பெண்மணி. கூப்பிட்டால் முழிக்கிறாரா? இல்லை. மூச்சு? “இழுக்குது மகளே, குறட்டை மாதிரி இழுக்குது. போகப்போறாரு.” அந்த இழுப்பு மூச்சில் சேர்த்தியே இல்லை, உடனே நெஞ்சில் கை வைக்க வேண்டும் என்பது இங்கே முதல் நாள் பாடம். எருமைக் குரலுக்கும் அது தெரியும். ஆனால் அதற்குள் அந்த அம்மாள் போனைத் தரையில் வைத்துவிட்டு சாகிறவருக்குச் சொல்லும் கலிமாவை அவர் காதில் ஓத ஆரம்பித்துவிடுகிறார். எருமைக் குரல் நின்றுபோகிறது. பிறகு மெதுவாக, கூடச் சேர்ந்து தானும் ஓதுகிறது. ஐம்பத்திரண்டு விநாடி. அதற்கப்புறம்தான் ‘அழுத்துங்க’ என்ற சொல் வருகிறது.

“அந்தம்மாவையாவது விடலாம், பொண்டாட்டி. இவ வாய்ல என்ன, பேரீச்சம்பழத்த அடைச்சு வெச்சிருந்தாளா?” என்றான் கைஸ். வகுப்பில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஜன்னலைப் பார்த்துச் சிரித்து வைத்தேன்.

ஸீரீன் மட்டும் சிரிக்கவில்லை. “சாகப்போறவர் காதுல கலிமா ஓதுறாங்க. நடுவுல பூந்து நிறுத்துங்கன்னு எப்படிக்கா சொல்றது? நாக்கு எழுமா?”

“நிறுத்தச் சொல்லாத. வாய் ஓதட்டும், கை அழுத்தட்டும்னு சொல்லு. நீ துக்கம் விசாரிக்க வந்தவ இல்ல, வேலைக்கு வந்தவ.”

எழுதிக்கொண்டார்கள். நல்ல பாடம்தான். யாருடைய உயிரைக் கொடுத்து அதைக் கற்றேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் அப்பா மருத்துவமனையில் இறந்தபோது நாங்கள் நாலு பேரும் வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அவர் காதில் கலிமா சொல்ல ஒருத்தருக்கும் வாய்க்கவில்லை. அதனால்தான் அன்று என் வாய் அடைத்துப்போனது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருக்கிறேன். உடனே அழுத்தியிருந்தாலும் அந்த வீட்டுக்காரர் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை நாலு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாள் பெயர் பத்ரியா. நாற்பதாம் நாள் முடிந்த கையோடு, பேரீச்சை வைத்த மஅமூல் பிஸ்கட் ஒரு டப்பா நிறையச் சுட்டு எடுத்துக்கொண்டு நிலையத்து வாசலில் வந்து நின்றார். “என்கூட ஓதின பொண்ணு யாரு?” என்று காவலாளியிடம் கேட்டிருக்கிறார். என்னைக் கண்டதும் நெற்றியில் முத்தமிட்டார். சொல்லியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்து முத்தத்தை வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் வருடா வருடம், கணவர் ஹிக்மத் இறந்த நாளில் டப்பாவோடு வந்துவிடுகிறார். அந்த மஅமூலில் ஒன்றைக்கூட நான் தின்றதில்லை. அப்படியே ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடம் கொடுத்துவிடுவேன். அவர்கள் என்னைத் தங்கமான பெண் என்கிறார்கள்.

அவர் பிறைக் கணக்கில் வருவார். வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் அந்தத் தேதியை நான் மேசைக் காலண்டரில் தப்பாகக் குறித்திருந்தேன் போலிருக்கிறது. அன்று வாசலில் புதுக் காவலாளி வேறு. கதவைத் தட்டி, அவரை நேராக வகுப்புக்குள்ளேயே அனுப்பிவிட்டான்.

“ரிஹாப்! கண்ணு, இளைச்சுட்டியேம்மா!” டப்பா மேசைக்கு மேசை போனது. “எடுத்துக்கங்க புள்ளைங்களா. உங்க டீச்சர் யாருன்னு தெரியுமா? என் ஹிக்மத் சமையல்கட்டுல விழுந்து கெடந்தப்ப, போன்ல எங்கூட கலிமா ஓதினவ. பெத்த புள்ள அன்னைக்குப் பக்கத்துல இல்ல. இவ இருந்தா.”

ஒருவர் பின் ஒருவராக ஒலிப்பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கைஸ் வாயில் போட்ட மஅமூலை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அவனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

பத்ரியா தரையில் கிடந்த பயிற்சிப் பொம்மையைப் பார்த்தார். “இது யாரு? பாவம், சட்டைகூட இல்லாம.”

ஸீரீன்தான் வாயைத் திறந்தாள். நெஞ்சுத் துடிப்பு நின்றவரை அழுத்திப் பழகுவதற்கு என்றாள்.

“அப்ப நானும் பழகிக்கறேன். கீழ் வீட்டுக்காரருக்கு அடிக்கடி நெஞ்சு வலி வருது. அன்னைக்கு நான் அரைகுறையாத்தான் அழுத்தினேன்.”

நான் தடுக்க நினைத்தேன். என்ன சொல்லித் தடுப்பது? அவர் முட்டியை மடித்து உட்கார்ந்துவிட்டார். ஸீரீன் அவருடைய உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொடுத்தாள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மை ‘டிக்’ என்னும், தோளில் பச்சை விளக்கு எரியும். நாலைந்து முறை தப்பிய பிறகு விளக்கு எரிந்தது. பத்ரியாவுக்குச் சந்தோஷம். கை வேகம் பிடித்ததும், யாரும் சொல்லாமலேயே, பழக்கத்தில் அவர் உதடுகள் கலிமாவைச் சொல்ல ஆரம்பித்தன. டிக், டிக் என்று விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. கலிமா ஒரு இடத்திலும் தடைபடவில்லை.

சட்டென்று நிறுத்தினார். கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டையும் ஒண்ணா செய்யலாமா மகளே?”

இது இப்போது வந்த புது முறை என்று ஒரு பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். வாய் ஓதட்டும், கை அழுத்தட்டும் என்று எழுதிய நோட்டை ஸீரீன் மூடாமல் வைத்திருந்தாள்.

“செய்யலாம்மா,” என்றேன். “அன்னைக்கும் செஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியும். நான்தான் உங்ககிட்ட சொல்லல. சொல்றதுக்குப் பதிலா ஓதிக்கிட்டு இருந்தேன்.”

அவர் திரும்பி, நழுவிய முக்காட்டைத் தோளால் தள்ளிவிட்டு, பொம்மையின் மேல் குனிந்தார். டிக். டிக். டிக். ஒன்றுகூடத் தப்பவில்லை. பச்சை விளக்கு அவர் தாடையில் பட்டுப் பட்டு அணைந்தது. உதடுகள் மட்டும் அசையவே இல்லை.