பூக்காத முள்மரமும் யோகராசாவின் கோடாலியும்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு யோகராசா கோடாலியோடு வாசலைத் தாண்டினார். பின்னால் மனைவி இராசமணி தேநீர்க் கோப்பையோடு வந்தாள்.

பார்த்தால் கொலை. நடக்கப் போவதோ வெறும் மிரட்டல்.

மிரட்டப்பட வேண்டியது முன்தோட்டத்து மூலையில் நின்றது. ஆளுயரத்துக்கு மேலே இரண்டு முழம். விரல் நீள முள். சதுரமாக வெட்டிய தலை. நோர்வேக்காரர் ஹாக்தூர்ன் என்பார்கள், ஆங்கிலத்தில் ஹாதோர்ன். ஏழு வருடங்களுக்கு முன் செடிக் கடையில் வாங்கியபோது, அதன் கழுத்தில் தொங்கிய படத்தில் இலையே தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. நட்ட நாளிலிருந்து ஒரு பூ இல்லை.

முப்பது வருடம் பஸ் ஓட்டி, மாடிக் குடியிருப்புகளில் காலம் தள்ளி, நோர்வேயின் ஹவுகெட்டோவில் இந்த வரிசை வீட்டை வாங்கியவர் யோகராசா. சொந்த மண்ணில் வைத்த முதல் மரம் அது. அவருக்கு அது பிள்ளை. இராசமணிக்கு அது கார் நிற்க வேண்டிய இடம். அவளுடைய மின்சாரக் கார் நானூறு மீட்டர் தள்ளி நின்றது. பனிக்காலத்தில் விடியற்காலை அதைத் தோண்டி எடுத்துக்கொண்டுதான் அவள் வேலைக்குப் போக வேண்டும்.

போன கார்த்திகையில் ஒப்பந்தம் போட்டார்கள். ஜூன் பதினைந்துக்குள் ஒரு பூ பூத்தால் மரம் நிற்கும். இல்லையென்றால் மரம் போகும், கார் சார்ஜர் வரும்.

இன்று மே பதினாறு.

யோகராசா எல்லாம் செய்து பார்த்துவிட்டார். கோழி எரு. மீன் கழுவிய தண்ணீர். அடிமரத்தில் திருநீறு. முருகனுக்கு அர்ச்சனைகூட. நோர்வே மரங்கள் தன் பகுதிக்குள் வராது என்று முருகன் நினைத்தாரோ என்னவோ. மிச்சமிருந்தது ஊர் வழக்கம் ஒன்றுதான். காய்க்காத மாமரத்தின் முன்னால் ஒருவர் கோடாலியோடு நின்று வெட்டப் போகிறேன் என்று வெருட்ட வேண்டும். இன்னொருவர் மறித்து, வேண்டாம், இந்த முறை காய்க்கும் என்று மன்றாட வேண்டும். மரம் பயந்து காய்த்துவிடும்.

"இஞ்சாரும், ஞாபகம் இருக்குத்தானே? நான் ஓங்கேக்கை நீர் கையைப் பிடிக்கவேணும்."

"ஓம் ஓம். துவங்குங்கோ, தேத்தண்ணி ஆறுது."

யோகராசா ஓங்கினார். "ஏழு வருசமாத் திண்டு குடிச்சிட்டு நிக்கிறாய். இண்டைக்கு உன்னை வெட்டிப் போட்டுத்தான் மற்ற வேலை."

பின்னால் தேநீர் உறிஞ்சும் சத்தம்.

"வெட்டுங்கோ," என்றாள் இராசமணி.

"என்ன?"

"வெட்டுங்கோவன். நானே மறிச்சனான்?"

"அப்பிடிச் சொல்லக் கூடாதப்பா. மரம் கேட்டுக்கொண்டு நிக்குது."

"கேக்கட்டும். அடியோடை வெட்டுங்கோ. வேர் கிடந்தால் சார்ஜர் பூட்டுறவன் கரைச்சல் தருவான்."

யோகராசாவுக்கு இப்போது உண்மையாகவே கோபம் வந்தது. கோடாலி இன்னும் உயர்ந்தது.

"நிறுத்து" என்று நோர்வே மொழியில் ஒரு குரல். பக்கத்து வீட்டு மக்டலீன், எழுபது வயது, வெறும் காலுறையோடு புல்லில் ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் தொலைபேசி. பொலிசை அழைக்க ஒரு அழுத்தம்தான் பாக்கி. வேலியருகே வந்தபோதுதான் இராசமணியின் கையிலிருந்த தேநீர் கண்ணில் பட்டது. கோடாலி யாருக்கு என்று புரிந்தது. பயம் குறையவில்லை, திசைதான் மாறியது.

"வேண்டாம், யோகராசா. தயவுசெய்து வெட்டாதே. இந்த முறை பூக்கும்."

யோகராசாவுக்குப் புல்லரித்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், சொல்லுக்குச் சொல் சரி.

"பூக்குமெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவளுடைய மொழியில் கேட்டார்.

"நீ விட்டால் பூக்கும். ஈஸ்டருக்கு ஈஸ்டர் தலையைச் சதுரமாக வெட்டுகிறாயே, மொட்டு வருவதெல்லாம் பழைய கொப்பில்தான். அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் பூவைத் தேடுகிறாய். பூத்து முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும்."

"இதை ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்லை?"

"சொன்னேனே. மூன்று வருடத்துக்கு முன்பே உன் மனைவியிடம் சொன்னேன்."

யோகராசா மெல்லத் திரும்பினார். இராசமணி கோப்பைக்குள் எதையோ தேடினாள்.

"இராசமணி."

"நீங்கள் கேக்கேல்லை."

"ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஏணியைப் பிடிச்சது நீர்தானே?"

"விழுந்து கிழுந்து போனால் ஆர் பாக்கிறது?"

"இன்னும் கொஞ்சம் பதிச்சு வெட்டுங்கோ எண்டும் சொன்னனீர்."

"சொன்னனான்தான். அதுக்கு? ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்."

என்ன ஒப்பந்தம் என்று கேட்ட மக்டலீனுக்கு யோகராசா விளக்கினார். அவள் இருவரையும் தன் பக்கம் கூட்டிப்போனாள். வேலியைத் தாண்டி வளர்ந்த ஒரே ஒரு கொப்பு, கத்தரிக்கு எட்டாமல் தப்பியிருந்தது. அதில் கடுகளவு மொட்டுகள், கொத்துக் கொத்தாக.

"அது அவவின்ரை காணிக்குள்ளை. அவவின்ரை பூ," என்றாள் இராசமணி, மூன்று தலைமுறை வேலி வழக்குப் பேசிய குடும்பத்துக் குரலில்.

யோகராசா மொழிபெயர்த்தார்.

"அடி உங்கள் பக்கம். மரம் உங்களுடையது," என்றாள் மக்டலீன். வழக்கு முடிந்தது.

ஜூன் ஐந்து, வெள்ளிக்கிழமை காலை மொட்டுகள் வெடித்தன. யோகராசா படம் எடுத்து மோர்டென்ஸ்ருட்டிலிருந்து லில்லெஸ்ட்ரோம் வரை தெரிந்தவர் எல்லோருக்கும் அனுப்பினார்.

மத்தியானம் மக்டலீன் மணி அடித்தாள். முகம் சுருங்கியிருந்தது. "கேட்கக் கூடாதுதான். கருவாடு பொரிக்கிறீர்களா? என் படுக்கையறை யன்னலைத் திறக்க முடியவில்லை."

"வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான்," என்றாள் இராசமணி, குளிர்ந்த நோர்வே மொழியில்.

மூவரும் மணத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். அது நேரே மரத்தடிக்குக் கொண்டுபோய் விட்டது. பூ அழகென்றால் அப்படி ஓர் அழகு. மணம், வெயிலில் இரண்டு நாள் கிடந்த மீன். யோகராசா மூக்கை வைத்து முகர்ந்தார், இருமினார், "ஒரு மாதிரி வாசம்தான்" என்றார்.

மக்டலீன் வேலியைப் பிடித்தபடி யோசித்தாள். பிறகு இராசமணியைப் பார்த்துச் சொன்னாள். "என்னிடம் கார் இல்லை. என் வாசலில் ஒரு இடம் சும்மா கிடக்கிறது. இந்தக் கொப்பை மட்டும் எடுத்துவிட்டால், உன் காரை அங்கே விடலாம்."

"சார்ஜர்?"

"பூட்டிக்கொள்."

இராசமணி கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் சாவியை எடுக்க உள்ளே போனாள்.

மரம் தப்பியது. ஏழு வருடம் காத்திருந்த பூ ஏழு மணி நேரம்கூட நிற்கவில்லை. யோகராசாவே அதை வெட்டினார். எறிய மனம் வரவில்லை. ஒரு கையில் பூங்கொப்பைப் பிடித்தபடி மக்டலீனின் வாசலில் நின்று, மறு கையை ஆட்டிக் காருக்கு வழி காட்டினார்.

"வரட்டும், இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வரட்டும்."

காருக்குள் இராசமணிக்கு அது கேட்கவில்லை. கண்ணாடிகள் நான்கையும் ஏற்றியிருந்தாள்.