எதிரணியின் பாஷை

என் மகன் தேசிய அணிக்குக் கால்பந்து ஆடுகிறான் என்று சொன்னால், கேட்பவர் அடுத்து "எந்த தேசத்துக்கு?" என்று கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. அவன் அப்பாவுடைய தேசத்துக்கு. என்னுடையதற்கு இல்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே முழங்கால் பெயர்ந்து, இந்த ஊர் கிளப்பில் டிஃபென்டராக நின்று பேர் வாங்கியவன்தான். ஆனால் இங்குள்ள தேர்வுக் குழுவின் கண்ணில் மட்டும் அவன் படவே இல்லை. ஆளும் ஆறடிக்கு மேல். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். பார்த்துக்கொண்டே இருங்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் குரலில் அதட்டல் கொஞ்சம் தூக்கல் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. முந்தாநாள்தான் ஸ்டியரிங்கைத் தொட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே போய்ப் பாருங்கள், அதட்டல் தானாக வரும். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கடல் தாண்டி ஒரு கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்த வந்தவர், அப்புறம் திரும்பிப் போகவே இல்லை. எங்கள் பாஷையை நன்றாகவே பேசுவார். மரியாதை மட்டும் அவர் நாக்கில் ஏறவில்லை. பெண் கேட்டு வந்த அன்றைக்கே என் அப்பாவைப் பார்த்து, "நீ எப்படி இருக்கே?" என்று விசாரித்தார். "ஏதோ இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கல்யாணம் நிச்சயமானது அந்தச் சிரிப்பில்தான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டு நாட்டுக்கும் ஆடத் தகுதி உள்ளவனுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெரிய போட்டிகளில் இறங்கிவிட்டால், அநேகமாக இன்னொரு நாட்டின் கதவு சாத்திக்கொள்ளும். அதனால், அப்பா நாட்டின் கோச் எங்கள் வீடு தேடி வந்து கேட்டபோது மகன் உடனே தலையாட்டிவிடவில்லை. அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றான்.

"அம்மா, நான் அங்க ஆடட்டுமா?"

"என்னை எதுக்குடா கேக்கறே? உங்கப்பாவைக் கேளு."

"அப்பாவுக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியாதுன்னு தெரியும். உன்னைத்தான் கேக்கறேன்."

பெற்ற பிள்ளை என் ஊர்ச் சட்டையைப் போட்டு நிற்பதை எத்தனை முறை மனதுக்குள் பார்த்திருப்பேன். ஆனால் கூப்பிட்டவர்கள் அவர்கள்தானே? கூப்பிடாத வீட்டுக்குப் போகச் சொல்லும் அளவுக்கு எனக்கு வெட்கம் கெட்டுவிடவில்லை.

"அம்மா சொல்றேன், ஆடு. ஆனா ஒண்ணு. எதிர்ல நாம வந்து நின்னாலும் காலை இழுத்து ஆடக் கூடாது. அப்படி ஆடினேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

"நாமன்னா யாரும்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். ஈரக்கையால் முதுகில் ஒன்று வைத்தேன்.

வாய் வைத்த நேரம், தகுதிச் சுற்றில் இரண்டு நாட்டையும் ஒரே பிரிவில் போட்டார்கள். முதல் ஆட்டம் அங்கே, அடுத்தது இங்கே. அங்குள்ள பத்திரிகைகள் அதற்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தன: 'விருந்தாளி'. பேப்பரில் அதைப் படித்துக் காட்டும்போது என் கணவரின் குரல் இறங்கிப் போகும். பிறந்த ஊரே தன் பிள்ளையை விருந்தாளி என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

முதல் ஆட்டத்தை வீட்டில் டிவியில் பார்த்தோம். என் அண்ணனும் வந்திருந்தார். தபால் நிலையத்தில் வேலை, பந்தாட்டம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மருமகன்மேல் உயிர்தான், அதற்காகச் சொந்த நாட்டை விட்டுக்கொடுப்பாரா? எங்கள் அணியின் சட்டையைத் தொந்திமேல் இழுத்து மாட்டிக்கொண்டு சோபாவின் ஒரு கோடியில் உட்கார்ந்தார். மறுகோடியில் என் கணவர். நடுவில் நான், இரண்டு பக்கத்து மூச்சும் என்மேல் பட.

ஆட்டம் முடியப் போகிற நேரம் வரை கோல் இல்லை. பக்கவாட்டிலிருந்து ஒரு பந்து தாழ்வாக வந்தது. என் மகன் அதற்கு நேராக நின்றான். ஓங்கி உதைத்தால் ஆபத்து தீர்ந்தது. அவனும் காலைத் தூக்கினான். தூக்கிய காலை, என்ன தோன்றியதோ, அப்படியே கீழே வைத்துவிட்டான். பந்து அவனைத் தாண்டிப் போயிற்று. பின்னால் காத்திருந்த எங்கள் ஊர்க்காரன் அதைத் தட்டி உள்ளே விட்டான். அண்ணன் துள்ளி எழுந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்ததும் மைக்கை அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினார்கள். அவன் அப்பாவின் பாஷையில் பேசினான். கணவர் எங்களுக்கு மாற்றிச் சொன்னார். "எதிரணி ஆள் ஒருத்தன், தன் கூட்டாளியைப் பார்த்து 'விடு'ன்னு கத்தினான். எங்க டீம்ல வேற யாருக்கும் அது புரியாது. எனக்குப் புரிஞ்சுது. அது எங்கம்மா பாஷை. யோசிக்கறதுக்குள்ள கால் நின்னுடுச்சு. தப்பு என்னோடது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "கால் வழுக்கிடுச்சுன்னு சொன்னா யாரு என்ன கேக்கப் போறா? வாயைக் கொடுத்து மாட்டிக்கறானே."

கணவர் டிவியை அணைத்தார். "பழுது எங்கன்னு அவன் காட்டிட்டான். மறைச்சா லிஃப்ட் மறுபடியும் அதே மாடியில நிக்கும்."

"இது லிஃப்ட் இல்ல."

"உன் வண்டியில ஏறுறவன் பயந்துபோனா எந்த பெடலை மிதிப்பான், சொல்லு?"

பயந்தவன் கால் யோசித்து மிதிக்காது, பழகியதை மிதிக்கும். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

அங்கே பிரளயமே வந்தது. 'விருந்தாளி விருந்து வைத்தார்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் டிவியில் உட்கார்ந்து, பாதி ரத்தம் என்றால் பாதி ஆட்டம்தான் கிடைக்கும், இவனை இனிமேல் சேர்க்கவே கூடாது என்றார். அந்த ஆளை ஒரு நாள் என் காரில் ஏற்றிச் சந்தை நெரிசலில் விட வேண்டும். மகன் வீட்டுக்கு வந்தான், கிளப்புக்குப் போனான், வந்தான். சாப்பாட்டில் குறையில்லை, பேச்சில்தான் பாதி குறைந்துவிட்டது. அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடாவிட்டால் கதை முடிந்தது. அந்த நாட்டுக்கும் வேண்டாதவன், இந்த நாட்டுக்கும் ஆட முடியாதவன். என் பிள்ளை நடுவில் நின்றுவிடுவானோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

கூப்பிட்டார்கள். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கேப்டன் பிடிவாதமாக நின்றதாகக் கேள்வி. முகாமுக்குப் போனவனிடம் போனில், "என்னடா பண்றாங்க உன்னை?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் அவங்களை உக்கார வச்சுப் பாடம் எடுக்கறேன்" என்றான். குரலில் பழைய துடுக்கு திரும்பியிருந்தது. அது போதும் என்று வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஆட்டம் எங்கள் ஊர் மைதானத்தில். மற்ற நாடுகளை ஜெயித்துச் சேர்த்த புள்ளிகளால், சமன் செய்தாலே மகனின் அணி அடுத்த சுற்றுக்குப் போய்விடும். எங்கள் ஊர் ஜெயித்தே ஆக வேண்டும். கோலுக்குப் பின்னால் கீழ் வரிசையில் இடம் கிடைத்தது. அண்ணன் அதே சட்டை, கணவர் இருக்கிறதிலேயே நல்ல சட்டை. என் மகன் கால் பந்தில் பட்டபோதெல்லாம் மைதானம் முழுக்க ஊளையிட்டது. எனக்கு நேர் முன்னால் ஒரு தடியர், நின்றபடியே, "துரோகி, துரோகி" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவனைத் தூக்கி வளர்த்த தெருவில் இவர் எந்த வீடு என்று கேட்க நாக்கு துடித்தது. கணவர் என் கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டார்.

இரண்டாவது பாதியில் எங்கள் ஊர்க்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கோலை அவன் காத்து நின்றதால் எல்லாம் கண்ணுக்கு நேராக நடந்தது. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒரு பந்து வந்தது, அன்றைக்கு வந்த மாதிரியே. எங்கள் ஊர்க்காரன் ஒருவன் "விடு" என்று கத்தியது என் காதிலேயே விழுந்தது. என் மகன் விடவில்லை. ஓங்கி உதைத்த உதையில் பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, உயரமாக, அவன் தலைக்கு மேல். பின்னோக்கி ஓடி, முட்டித் தள்ள எம்பப் போனான். தலையில் பட்டிருந்தால் சொந்தக் கோலுக்குள் போயிருக்கும் வாகு. கோலா இல்லையா என்று மைதானமே மூச்சைப் பிடித்திருந்த அந்த நேரத்தில், பின்னாலிருந்து அவன் அணியின் கோல்கீப்பர், தாடியும் மீசையுமாகக் கதவு நிலை மாதிரி இருந்த ஆள், எங்கள் பாஷையில் ஒரே மூச்சாகக் கத்தினான்.

"அம்மா சொல்றேன், விடு!"

என் மகன் அப்படியே குனிந்துவிட்டான். பந்து அவனைத் தாண்டிக் கீப்பரின் நெஞ்சில் வந்து அடங்கியது.

எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஒரு நொடி விழித்தார்கள். அப்புறம் கொல்லென்று ஒரு சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் நான் அவனை அதட்டும்போது சொல்வது அது. அவன் எடுத்த பாடம் எது என்று அப்போதுதான் புரிந்தது. வெறும் "விடு"வை எதிரணிக்காரன் எவனும் கத்தலாம். "அம்மா சொல்றேன்" என்று எந்த எதிரணிக்காரனும் கத்த மாட்டான். அதைச் சொல்லிவிட்டுச் சொன்னால் என் மகன் கால் கேட்கும், அது இல்லாமல் வந்தால் கேட்காது. அவன் ஒருவன் காதுக்காக மற்ற பத்துப் பேரும் உட்கார்ந்து என் பாஷையைப் படித்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம் காது கொடுத்துக் கேட்டேன். கேப்டன், "அம்மா சொல்றேன், பின்னாடி பாரு" என்றான். இடது ஓரத்தில் ஆடியவன், "அம்மா சொல்றேன், நில்லு" என்றான், 'நில்லு'வில் பாதியை முழுங்கி. முரட்டுப் பிள்ளைகள், ஒருத்தனுக்கும் என்னைத் தெரியாது, ஆளாளுக்கு என் அதட்டலை அப்படியே வாங்கிக்கொண்டு என் பிள்ளையை வழிநடத்திக்கொண்டிருந்தார்கள். விருந்தாளியை இப்படி யாரும் அதட்ட மாட்டார்கள். கண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அவர் கண்ணும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் நாட்டுச் சட்டையின் நுனியால் மூக்கைத் துடைத்தார். கோல் விழவில்லை. என் ஊர் தோற்காமலே வெளியேறப் போகிறது என்று தெரிந்தும், அந்த வருத்தத்தையும் மீறி, நெஞ்சு விம்மிக்கொண்டே போயிற்று.

முன்னால் நின்ற தடியர் கத்துவதை எப்போது நிறுத்தினார் என்று கவனிக்கவில்லை. கீப்பர் மறுபடியும் அதையே கத்தியபோது, பின்பக்கம் திரும்பிப் பொதுவாகக் கேட்டார்.

"யாருங்க அது, அந்த அம்மா?"

"நான்தான்," என்றேன். "உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார்.