குளியல் இல்லாத பத்து நாள்

ஐந்தரைக்கு எழுந்தேன். வராந்தாக் குழாயில் பல் துலக்கினேன். மார்பை வெறும் தண்ணீரில் கழுவித் துண்டால் ஒற்றினேன். சட்டை போடவில்லை. ஆறு மணிக்கு வார்டுக்குள் போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். மார்த்தாள் சிஸ்டர் என் மகளைக் கொண்டுவந்தார். தொப்பியும் நாப்கினும் மட்டும் போட்ட அவளை என் மார்பில் குப்புறப் படுக்கவைத்து, பழைய வேட்டித் துணியால் என்னோடு சேர்த்துக் கட்டினார். பத்து நாளாக இதே வேலை.

என் மனைவி இளவரசி இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. உதிரப்போக்கு. குழந்தை ஏழு வாரம் முந்திப் பிறந்தாள். 1420 கிராம்.

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். காலை ஆறு மணிக்கு எல்லாக் குழந்தைகளையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மை வைத்து, எட்டு மணிக்கு டாக்டர் வரும்போது வரிசையாகக் காட்டுவது அந்த வார்டின் வழக்கம். குளிப்பாட்டுவது ஆயா பவளம். இருபது வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு குழந்தை நழுவியதில்லை. என் மகள் ஏழு நாளில் 1310க்கு இறங்கினாள்.

மார்த்தாள் அப்போதுதான் குறைமாதக் குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். குளியலுக்கு முன்னும் பின்னும் குழந்தைகளின் உடல்சூட்டைக் குறித்தார். நான் புள்ளியியல் படித்தவன். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இத கிராஃபா வரைஞ்சு குடுங்க சார்," என்றார்.

வரைந்தேன். மூன்று நாள், ஆறு குழந்தைகள். ஆறு கோடுகளும் ஆறரை மணிக்குப் பள்ளத்தில் விழுந்தன.

டாக்டர் ராஜாராம் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். "பத்து நாள் குளியல் வேணாம். சிஸ்டர் சொல்ற மாதிரி நீங்க நெஞ்சோட கட்டி வச்சுச் சூடு குடுங்க. பத்தாம் நாள் இந்தப் பாப்பா ஒன்றரைக் கிலோ தொட்டா வீட்டுக்கு, தொடலைன்னா சென்னைக்கு அனுப்பிடுவேன். குளியலும் திரும்ப வந்துடும்."

சென்னையில் கண்ணாடிப் பெட்டி. நான் வெளியே நிற்கவேண்டும்.

பவளம் கொதித்தாள். "குளிக்காத கொயந்தைய எவன் தூக்குவான்? கவுச்சி அடிக்கும். ஆம்பள நெஞ்சுல கொரங்குக்குட்டி மாரி கட்டிக்கினு!"

"கொரங்கு இல்லக்கா, கங்காரு," என்றார் மார்த்தாள். "இதுக்குப் பேரே அதான்."

"இன்னாவோ ஒண்ணு."

மற்றத் தாய்மார்கள் பால் கொடுத்தார்கள். பவளம்தான் பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள். நாலாம் நாள் மெதுவாக என்னிடம் கேட்டாள்: "இன்னிக்கு எத்தினி சார்? சும்மாதான் கேக்கறேன்."

அதற்குப் பிறகு தினமும் சும்மா கேட்டாள்.

நேற்று 1478. இன்று இருபத்திரண்டு கிராம் வேண்டும். ஏழு மணிக்கு எடைமேடையைச் சுற்றி வார்டே கூடிவிட்டது. கட்டை அவிழ்ப்பதற்குள் என் நெஞ்சு அடித்த அடியில் குழந்தை விழித்துக்கொண்டாள். இத்தனை நாளில் அது அடிப்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

தட்டில் வைத்த உடனே அவள் சிறுநீர் கழித்தாள்.

"ஐயோ, அத்தயும் சேத்துப் போடு சிஸ்டரம்மா!" பவளம் கத்தினாள். "அது உள்ளதான இருந்துச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். மார்த்தாள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கினார், தட்டைத் துடைத்தார், முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார், மறுபடி வைத்தார். முள் ஆடியது. 1490. 1510. திரும்பி வந்து நின்றது.

"ஆயிரத்து ஐந்நூத்தி அஞ்சு!"

பவளம் வராந்தாவில் ஓடினாள். "தாண்டிட்டா! என் ராசாத்தி தாண்டிட்டா! டாக்டர் கிட்ட சொல்லு, வூட்டுக்குப் போறா!" நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. யாரோ என் முதுகில் அறைந்தார்கள். நானும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "சார், சீட்டுல பேரு எய்தணுமே. பாப்பாவோட அம்மா கடைசியா எதுனா பேரு சொல்லிச்சா?"

இளவரசி குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுத்ததில்லை. பவளத்திடம் உள்ளதைச் சொன்னேன்.

பிரசவ அறைக் கதவு பாதி திறந்திருந்தது. குழந்தையை ஈரத்தோடு தட்டில் கிடத்திவிட்டு எல்லோரும் இளவரசியைச் சூழ்ந்திருந்தார்கள். அவள் தலையைத் திருப்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"அந்த ஃபேன நிறுத்தச் சொல்லுங்க. பாப்பாவுக்குக் குளுருது."