கட்டைவிரல் எடுத்த படங்கள்

அந்தத் தரகருக்கு அலுவலகத்தில் 'கட்டைவிரல்' என்று பட்டப்பெயர். விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்து அவர் இணையத்தில் போட்டால், ஏதாவது ஒரு மூலையில் அவருடைய கட்டைவிரல் தலைநீட்டிக்கொண்டிருக்கும். விரல் தப்பினால் கழிப்பறையின் மூடி திறந்து கிடக்கும். இரண்டும் தப்பினால் கூடமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சோபா நேராகத் தெரிய, பார்க்கிறவர்தான் கழுத்தைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

"ஏண்ணே, நீங்க வீட்டப் படம் புடிக்கிறீங்களா, இல்ல வீடு உங்களத் துரத்திட்டு வருதா?" என்று கணக்குப் பார்க்கும் பெண் கேட்பாள். அவரும் சேர்ந்து சிரித்துவைப்பார்.

இதே மனிதர் ஒரு காலத்தில் கோழிக்கூண்டைக்கூட அரண்மனையாகக் காட்டியவர். வெயில் எந்த ஜன்னல் வழியாக எப்போது உள்ளே வரும் என்று பார்த்துக் காத்திருந்து எடுப்பார். அப்படிக் கடைசியாக அவர் எடுத்தது தன் சொந்த வீட்டை. அவரும் மனைவியும் பிரிவது என்று முடிவாகி, வீட்டை விற்றுவிடலாம் என்று பேசியிருந்தார்கள். விற்க ஒரு வருஷமாவது இழுக்கும், அதற்குள் அவள் மனம் மாறினாலும் மாறும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. ஆசை இருந்து என்ன பயன், பழகிய கை சும்மா இருந்ததா? திரைச்சீலையை விலக்கி, தலையணையைத் தட்டிப்போட்டு, அத்தனை அழகாக எடுத்துத் தொலைத்தது. அந்த வாரமே வீடு போய்விட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தார்.

பிறகு விடுதி ஒன்றில் ஓர் அறை. கதவைச் சாத்தினால் தன் மூச்சுதான் தனக்குத் துணை.

அந்தச் சமயத்தில்தான், வெளிநாட்டில் இருக்கும் ஒருவருடைய மாடி வீட்டுச் சாவி விற்பனைக்காக அவர் கைக்கு வந்தது. கட்டில், மேசை எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு மழை நாளில் கொஞ்சம் கண்ணயர்ந்தார். மறுநாளும் வந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஒரு பையோடு வந்து தங்கியே விட்டார்.

வசதிக்காகத் தங்கவில்லை. அந்த வீட்டுச் சுவர் அப்பளம் மாதிரி மெலிசு. பக்கத்து வீட்டுப் பெரியவர் தொலைக்காட்சி பார்த்துச் சிரிப்பது கேட்கும். மேல்வீட்டில் ஒரு குழந்தை தடதடவென்று ஓடும், அதன் அம்மா அதட்டுவாள். கட்டைவிரல் விளக்குப் போடாமல், குழாயைச் சொட்டு சொட்டாகத் திறந்து, வெறுங்காலால் நடந்து, அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். வீடு விற்றால் மறுபடி அந்த விடுதி அறைதான். அதனால் வேண்டுமென்றே படங்களைக் கெடுத்தார். இந்த ஒரு வீடு மட்டும் மோசமாக இருந்தால் சந்தேகம் வருமே என்று எல்லா வீடுகளையும் சேர்த்துக் கெடுத்தார். அதுதான் அவர் செய்த கோமாளித்தனம். விற்பனை மொத்தமாகப் படுத்துவிட, முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார்.

"அண்ணே, இந்தக் குளியலறைப் படத்தப் பாருங்க. துண்டு தொங்குது."

"வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன பழைய துண்டு மேடம்."

"அவர் போய் வருஷமாச்சு. துண்டு இன்னும் சொட்டுது."

கட்டைவிரல் தரையைப் பார்த்தார். முதலாளியம்மா அதற்கு மேல் துருவவில்லை. "நாளைக்குப் படம் எடுக்க ஆள் வருது. நீங்க கதவ மட்டும் திறந்து விடுங்க, போதும்," என்றார். அவர் குரலில் கோபம் இல்லாததுதான் கட்டைவிரலுக்குச் சுருக்கென்றது.

புதுப் படங்கள் வந்தன. அவர் படுத்த கட்டில் வெள்ளை விரிப்போடு பளிச்சென்று இருந்தது. மனிதவாடையே படாத வீடு போலத் தெரிந்தது. படங்களைப் பார்த்துவிட்டு முதல் ஆளாக ஒரு நர்ஸ் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், துணைக்கு யாரும் வரவில்லை.

வீடு விற்க ஆயிரம் பொய் சொல்வதுதான் தரகர்களின் வழக்கம். கட்டைவிரலோ அன்று உண்மையைக் கொண்டே ஆளை விரட்டப் பார்த்தார்.

"சொல்லிடறேன் சிஸ்டர், சுவர் ரொம்ப மெலிசு. பக்கத்து வீட்ல இருமுனா இங்க கேக்கும்."

"அப்படியா?"

"மேல ஒரு வாலு இருக்கு. ஸ்கூல் விட்டு வந்ததும் தடதடன்னு ஓடும். அதுங்கம்மா திட்டுறது அதவிடச் சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேற, டிவி பாத்துத் தனியாவே சிரிப்பாரு. மேல்வீட்ல வெங்காயம் வதக்குனா வாசன நேரா இந்தக் கட்டிலுக்கு வந்துரும். நமக்குப் பசிக்கவே ஆரம்பிச்சுடும்."

நுணலும் தன் வாயால் கெடும். நர்ஸ் அம்மா ஜன்னலை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்.

"நீங்க இங்க இருந்திருக்கீங்களா?"

"சாவி வச்சிருக்கிறவனுக்குத் தெரியாதா சிஸ்டர்," என்று அவர் மழுப்பினார்.

நர்ஸ் அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் இப்ப இருக்கிறது புதுக் கட்டடம். ஒரு சத்தம் உள்ள வராது. டியூட்டி முடிஞ்சு வந்து கதவச் சாத்துனா, யாரோ என்னைப் பொட்டில போட்டு மூடுன மாதிரி இருக்கும்." விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். "இந்த வீட்ல வில்லங்கம் ஏதாவது உண்டா?"

உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொத்துத் தகராறு, பங்காளி வழக்கு என்று எதையாவது அவிழ்த்துவிட்டால் அந்த அம்மா எழுந்து போய்விடுவார். கட்டைவிரலுக்கு வீடு மிஞ்சும். பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் எதிரே இருந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம். விடுதி அறைக் கண்ணாடியில் தினமும் பார்த்தது.

"ஒரு வில்லங்கமும் இல்ல சிஸ்டர். நல்ல வீடு," என்றார்.

சாவி கைமாறும் நாள் வந்தது. நர்ஸ் அம்மா துடைப்பமும் வாளியுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாடிப்படி ஓரம் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு கட்டைவிரல் திரும்பினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, காலி பண்றீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் பூனை மாதிரி நடந்ததெல்லாம் வீணா? "ஆமாங்க," என்றார் மெதுவாக.

"ஒரு வார்த்த பேசிக்காமயே போறீங்களே. வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

உள்ளே நாற்காலி சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. பெரியவர் டீயைக் கொண்டுவந்து கொடுத்தார். "காலைல உங்களுக்குத் தும்மல் வரும்ல, அடுக்கடுக்கா? நான் இங்க உக்காந்து நூறு, இருநூறுன்னு சொல்லிட்டே இருப்பேன். ஒரு நாள் எழுநூறு வரைக்கும் போயிட்டீங்க." சிரித்தார். "எனக்கும் வேற யாரு இருக்கா சொல்ல?"

தன் தும்மலுக்கு யாரோ ஆயுசு கேட்டுக்கொண்டிருந்தது கட்டைவிரலுக்கு இத்தனை நாள் தெரியாது. இப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தூசியில் நர்ஸ் அம்மா தும்மினார்.

பெரியவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, "நூறு," என்றார். அடுத்த தும்மலுக்காகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் டம்ளரைக் கீழே வைத்தார், பையை எடுத்தார். படியிறங்கும்போது அவருக்கு அழுகை வந்தது.