சாட்சி அண்ணனின் கால்

நோய் தீர்ந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் தங்கள் மாத்திரைகளைக் கொண்டுவந்து மேடைக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். அது அந்தச் சபையின் வழக்கம். பெட்டி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. மூக்குக்கண்ணாடிகூட இரண்டு மூன்று கிடந்தன. அவற்றைப் போட்ட புண்ணியவான்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் பாடினார்கள். அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

அந்தச் சபைக்குப் போகிறவர்களில் அவளும் ஒருத்தி. அவளுடைய கணவர் தச்சர். சர்க்கரை வியாதி பிடித்துப் பல வருடங்களாகிவிட்டன. உள்ளங்கால் இரண்டும் சதா எரியும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கிடப்பார். ஓர் உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் அந்தக் கால்களைத் தொட்டு ஜெபித்தார். எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் அடியோடு நின்றுபோனது. தச்சருக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரை அத்தனையையும் பெட்டியில் கொட்டிவிட்டு, மைக்கைப் பிடித்துத் தான் குணமான கதையைச் சாட்சியாகச் சொன்னார். அன்றிலிருந்து அவர் பெயர் சாட்சி அண்ணன். வெளியூர்க் கூட்டங்களுக்கெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆயுசு முழுக்க மரத்தூளைத் தின்ற மனிதருக்கு மேடையில் நாற்காலி கிடைத்தால் மனசு சும்மா இருக்குமா?

ஒரு சாயங்காலம் அவர் பட்டறையிலிருந்து வந்தபோது, நடந்த இடமெல்லாம் ரத்தம். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி உள்ளங்காலில் ஏறியிருந்தது. அவர் பாட்டுக்கு டீ கேட்டார்.

"என்னங்க, கால்ல ஆணி ஏறியிருக்கு. வலிக்கலையா உங்களுக்கு?"

குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியா, வலியே இல்ல. ஆண்டவர் மொத்தமா எடுத்துட்டார்."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எரிச்சல் குணமாகி நிற்கவில்லை. கால் மரத்துப்போனதால் நின்றிருக்கிறது. அதைத்தான் இந்த மனிதர் ஊர் ஊராகப் போய் அற்புதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. வேதத்தையும் சட்டை மாதிரிதான் பார்ப்பாள், ஒரு தையல் விடாமல், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து. வேதத்தை வாங்கிக் கொடுத்து, தினமும் படி, எதையும் ஆராய்ந்து பார் என்று சொன்னவரும் பாஸ்டர்தான். படிக்கச் சொன்னாரே தவிர, இவள் நிஜமாகவே படித்துத் தொலைப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

புண் கறுத்து, வாடை வர ஆரம்பித்ததும், ஆராதனை முடிந்த கையோடு வேதத்தைத் தூக்கிக்கொண்டு பாஸ்டர் அறைக்குப் போனாள்.

"ஐயா, இங்க பாருங்க, இந்த ராஜா பிளவைப் புண் வந்து சாகக் கிடந்தான். நீ பிழைப்பேன்னு ஆண்டவரே வாக்குக் கொடுத்துட்டார். கொடுத்த பிறகும் தீர்க்கதரிசி என்ன சொல்றார், பாருங்க. அத்திப்பழத்தைப் புண்ணுமேல பத்துப் போடச் சொல்றார். வாக்கு வாங்கினவனுக்கே மருந்து உண்டுன்னா, இவருக்கு மட்டும் ஏன் கூடாது?"

அவள் விரித்துக் காட்டிய பக்கத்தைப் பாஸ்டர் பார்க்கவில்லை. "கம்பெனில நாள் பூரா குறை கண்டுபிடிச்சே பழகிட்டீங்க, சகோதரி. அதே கண்ணோட வேதத்தைப் படிக்காதீங்க. எந்த வசனம் யாருக்குன்னு அபிஷேகம் வாங்கினவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப மருந்து கூடாதுன்னு எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க ஐயா. நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

அவர் வசனத்தைக் காட்டவில்லை, கதவைக் காட்டினார்.

வீட்டிலும் அதே பாட்டுதான். "ஊரெல்லாம் சாட்சி சொல்லிட்டு இப்ப ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா, ஆண்டவர் பொய்யாயிட மாட்டாரா?" என்றார் தச்சர்.

"ஆண்டவர் பொய்யாக மாட்டார். நீங்க சொன்னதுதான் பொய்யாகும்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கெஞ்சினாள், அழுதாள், சண்டை போட்டாள். எதுவும் ஏறவில்லை. காய்ச்சலில் அவருக்கு நினைவு தப்பியபோதுதான் அவள் கை ஓங்கியது. வாடகை வண்டி வாசலில் நிற்கிறது, பாஸ்டர் போனில் பேசுகிறார். "ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சா சபையில உனக்கு இடம் கிடையாது." அவள் போனை வைத்துவிட்டுக் கணவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்," என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிர் தங்கியது.

தச்சர் தேறி வந்ததும், சபைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் அடம்பிடித்தது உண்மை. சக்கர நாற்காலியை அவள்தான் தள்ளிக்கொண்டு போனாள். மேடையில் மைக்கை அவர் வாயருகே பிடித்தார்கள்.

"என் வீட்டுக்குள்ள அவிசுவாசம் நுழைஞ்சது. அதனால கால் போச்சு. பாஸ்டர் ஜெபத்துனால உயிர் தப்பிச்சது."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவளுக்கு ஒரு கணம் காது கேட்கவில்லை. சகோதரி தன் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் சபை பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொள்ளும் என்றார் பாஸ்டர்.

தச்சர் அவள் பக்கம் சாய்ந்தார். "ஒரு வார்த்தை சொல்லிடேன். உனக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

"எனக்கு ஒண்ணும் குறையாது. குறைஞ்சதெல்லாம் உங்களுக்குத்தான்."

பொய்ச்சாட்சி சொல்லாதே என்று கல்லில் எழுதிக் கொடுத்ததை அழிக்க எந்த பாஸ்டருக்கு அதிகாரம்? அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. சபை அவளை விலக்கியது. கூடப் பாடிய பெண்கள் கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். அது அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

ஞாயிறு காலையில் சாட்சி அண்ணனை அழைத்துப்போக இப்போதும் கார் வருகிறது. அதற்கு முன்னால் அவர் கதவைச் சாத்தச் சொல்வார், ஜன்னலையும் சாத்தச் சொல்வார். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு புஜத்தை நீட்டுவார். அவள் இன்சுலின் ஊசியைப் போடுவாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்பார்.

சட்டைக் கையை அவளே இறக்கிவிட்டு, பொத்தானையும் போட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்க் காரில் ஏற்றிவிடுவாள். மேடையில் அன்றைக்கும் அவர் சொல்லப்போவது, அவளால் போன காலைப் பற்றித்தான்.