முதல் காட்சி சாமிக்கு

சேலத்தில் அந்த மண்டபத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் மருதாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. கோபம் வந்தால் அவருக்கு முதலில் வேர்க்கும், அப்புறம்தான் வாய் பேசும். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி ஓட்டிக்கொண்டு முப்பது வருசமாக ஊர் ஊராய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். பாறைக்கும் பயந்ததில்லை, பஞ்சாயத்துக்கும் பயந்ததில்லை. டெல்லியிலிருந்து வந்த ஒரே ஒரு காகிதம் இரண்டு மாதமாக அவர் தூக்கத்தைத் தின்றுவிட்டது.

காகிதம் வந்தது மகள் வித்யாவுக்கு. அவள் ஒரு படம் எடுத்திருந்தாள். ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆறு மாதம், எட்டு மாதம் திரும்பாத ஆண்களின் வீட்டில் பெண்கள் எப்படி நாளை ஓட்டுகிறார்கள் என்பதுதான் கதை. நடித்ததெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள். மருதாசலம் தன் வண்டிகளில் ஒன்றை விற்றுத் தயாரிப்பாளர் ஆனார். இனி படம் தியேட்டருக்குப் போக அரசு உதவி கிடைத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் மூன்று வருச உழைப்பும் பீரோவுக்குள் ஹார்டு டிஸ்க்கிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அவள் விண்ணப்பித்த நேரம் பார்த்துச் சர்க்காருக்குச் சீர்திருத்த ஆசை வந்தது. மூன்று திரைப்பட அலுவலகங்களைக் கலைத்து ஒரே முகமை ஆக்கினார்கள். புது விதிகள் போட்டார்கள். கையில் இருந்த பழைய விண்ணப்பங்களுக்கும் அதே விதிதான் என்றார்கள். அதில் ஒன்று: விண்ணப்பிக்கும் முன்பே பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டிய படத்துக்கு உதவி கிடையாது.

வித்யாவின் படத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அதைச் சொல்லி உதவி இல்லை என்று தள்ளியதுதான் அந்தக் காகிதம். காட்ட வைத்தவர் மருதாசலம்.

புது வண்டி வாங்கினால் முதல் ஓட்டம் குலதெய்வக் கோயிலுக்கு. அங்கே சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகுதான் அது வாடகைக்குப் போகும். வண்டியை விற்று எடுத்த படத்துக்கு மட்டும் வேறு முறையா? "மொதல்ல சாமி பார்க்கோணும் கண்ணு. அப்பறம் ஊரு பார்த்துக்கட்டும்" என்று அவர்தான் ஒற்றைக் காலில் நின்றார். சாமிக்கு எதிரே வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினார்கள். நானூறு பேர் மண்ணில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதோடு விட்டாரா? அந்தப் போட்டோவை விண்ணப்பத்தில் சேர்க்கச் சொன்னதும் அவரேதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். வித்யா இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இன்று புது முகமையின் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் இணை இயக்குநர் பிரபாகர் புரொஜெக்டரில் படங்கள் போட்டுக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். கேள்வி கேட்கலாம் என்று அவர் சொன்னதும் மருதாசலம் எழுந்தார்.

"ஏனுங்க, குடும்பத்தாருக்கு மட்டும் போட்டுக் காட்டுனாத் தப்பில்லைன்னு அதே விதியில இருக்குதுங்க. எங்க கோயில்ல உக்காந்திருந்தது பூராம் ஒரே கூட்டம், ஒரே குலதெய்வத்துப் பங்காளிங்க. எங்களுக்குள்ள பொண்ணு குடுக்கறதுமில்ல, எடுக்கறதுமில்ல. அப்ப அது குடும்பந்தானுங்களே?"

பிரபாகர் சிரித்தார். "நானூறு பேர் ஒரு குடும்பமா சார்? சரி, நானூறு பேருக்கும் தாசில்தார்கிட்ட உறவுச் சான்று வாங்கிட்டு வாங்க. பரிசீலிக்கலாம்."

மண்டபமே சிரித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? மருதாசலத்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பிரபாகர் கையிலிருந்த பொத்தானை அழுத்தினார். அடுத்த படம் திரையில் விழுந்தது. மண்ணில் உட்கார்ந்த கூட்டம், வேட்டித் திரை, ஓரத்தில் கோயில் விளக்கு. முன்வரிசையில் மருதாசலத்தின் மனைவி தெய்வநாயகி கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மேலே கொட்டை எழுத்தில், 'கிராமங்களை நோக்கிச் சினிமா: முகமையின் புதிய முயற்சி' என்று போட்டிருந்தது.

வித்யா எழுந்தாள். "சார், அது எங்க கோயில். அங்க ஓடறது நான் எடுத்த படம். இந்தப் போட்டோவைக் காட்டித்தான நீங்க என்னைத் தள்ளுனீங்க?"

"அது சும்மா ஒரு மாதிரிக்குப் போட்டதும்மா. ஆபீசுக்கு வந்ததுல நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டோம். நீங்க பெருமைப்படணும்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! தயாரித்தவனுக்குத் தள்ளுபடி, தள்ளியவனுக்குப் பெருமை. வித்யா உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். மழையில் படப்பிடிப்பு நின்றபோதும், கேமராக்காரன் பாதியில் ஓடியபோதும் அழாத பெண்.

மருதாசலம் நடந்தார். யாரும் தடுக்கவில்லை. மேடையேறி, சுவரில் செருகியிருந்த புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினார். திரை வெறும் துணியானது.

"சார், அரசு வேலையைத் தடுக்கறீங்க" என்றார் பிரபாகர். சிரிப்பு போயிருந்தது. "போலீசைக் கூப்பிட்டா கேஸ் ஆயிடும்."

"கூப்புடுங்க." மருதாசலம் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு மேடையிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கேஸு எழுதறப்பவாச்சும் அது யாரு படம், யாரு ஊட்டுச் சனம், யாரு போட்டுக் காட்டுனதுன்னு சரியா எழுதுங்க."