டானர் மலையில் மூன்று தட்டு

டெல்பர்ட் லண்ட்கிரன் சனிக்கிழமை சாயங்காலங்களில் யார் கைக்கும் அகப்படமாட்டார். டானர் மலை உச்சியில் தன் பழைய டிரக்கை நிறுத்திவிட்டு, பேஸ்பால் மட்டையால் பட்டுப்போன ஒரு தேவதாரு மரத்தை மூன்று முறை அறைவார். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். ஆளைவிட உயரமாக, உடம்பெல்லாம் ரோமமாகக் காட்டில் திரிவதாகச் சொல்லப்படும் பிக்ஃபுட் மரத்தைத் தட்டித்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கம் அதைத் தேடுகிறவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். மற்றவர்கள் தட்டினால் மரங்கொத்திகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. டெல்பர்ட்டுக்கு மட்டும் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. ஆறு வருஷமாக வந்துகொண்டிருந்தது.

ஆல்டர் ஃபோர்க் வாரப் பத்திரிகையில் வேலை செய்யும் நான், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இதை, இடமும் கிழமையும் சொல்லாமல், புகைப்படத்தை மட்டும் மாற்றிச் செய்தியாகப் போட்டுவந்தேன்.

போன குளிர்காலத்தில் அவர் அந்த உச்சியில் வழுக்கி விழுந்தார். முட்டி பெயர்ந்து, பனி அள்ளும் வண்டிக்காரர் பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார். அதிலிருந்து, தன்னோடு வந்துவிடச் சொல்லி அவர் மகள் ஜோலீன் அவரை விடவில்லை. டகோமா நகரில் நில வரைபடங்கள் தயாரிப்பது அவள் வேலை. வீட்டில் அப்பாவுக்காகத் தரைத்தளத்தில் ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள்.

"டகோமால யாரு எனக்குப் பதில் தட்டுவா?" என்று டெல்பர்ட் கேட்டார். மூவரும் உணவு விடுதியில் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இங்க மட்டும் யாரு தட்டறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமயா போறேன்?"

"சரிப்பா, பந்தயம். தட்டறது மனுஷன் இல்லன்னா நான் இனிமே வாயே திறக்கமாட்டேன். மனுஷன்னா, நீ பெட்டியக் கட்டற."

"கட்டறேன். பேப்பர்காரரே, நீங்க சாட்சி."

அந்தச் சனிக்கிழமை ஜோலீன் நான்கு சின்ன ஒலிப்பதிவுக் கருவிகளை மலை உச்சியில் தள்ளித்தள்ளி மரங்களில் கட்டினாள். ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் செயற்கைக்கோளிடமிருந்து துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கும். ஒரே சத்தம் ஒவ்வொரு கருவிக்கும் இம்மி முன்னே பின்னே போய்ச் சேரும். அந்த வித்தியாசத்தை வைத்து, சத்தம் கிளம்பிய இடத்தைக் கணினி கண்டுபிடித்துவிடும்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுத்த வரைபடம் அது. காட்டையெல்லாம் உரித்துவிட்டு நிலத்தை மட்டும் மொட்டையாகக் காட்டியது. சிவப்புப் புள்ளி, அந்தப் பக்கத்து மரம்வெட்டிச் சாலையோரம், வண்டி நிறுத்தும் சரளைத் திட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

"பார்க்கிங்ல நிக்குதுப்பா உன் பிக்ஃபுட்."

"அது பார்க்கிங்ல நிக்கக் கூடாதுன்னு சட்டமா?"

"சனிக்கிழமை மட்டும்? அதே நேரத்துக்கு?"

"ஒழுக்கமான ஜந்து." டெல்பர்ட் தொப்பியை எடுத்து மாட்டினார். "என் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

அடுத்த சனிக்கிழமை, உச்சியில் அவருக்குப் பதிலாகத் தட்டும் வேலை ஜோலீனுக்கு. அவளிடம் ஒரு வாக்கிடாக்கி ரேடியோ; அதன் ஜோடியை எடுத்துக்கொண்டு நானும் டெல்பர்ட்டும் என் காரில் கிளம்பினோம். வரைபடத்தில் விரல் வைத்து அளக்கும் தூரம்தான். ஆனால் சாலை மலையையே சுற்றிக்கொண்டு போகிறது. காரைத் தள்ளி நிறுத்திவிட்டுப் புதருக்குள் ஒளிந்து பார்த்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சரளைத் திட்டில் ஒரு பச்சை வேன் நின்றது.

டெல்பர்ட்டின் முகம் கறுத்தது. அது வெர்ஜில் ஹாஸ்கின்ஸின் வேன்.

முப்பது வருஷம் ஒன்றாக மரலாரி ஓட்டியவர்கள். பிக்ஃபுட் சங்கத்தை ஆரம்பித்ததும் இருவரும்தான். பிறகு, ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கூட்டத்தில், பிக்ஃபுட் என்பது குரங்கினத்து விலங்கு என்றார் டெல்பர்ட். இல்லை, வேறு உலகத்திலிருந்து கதவு திறந்து வந்துபோகும் ஜீவன், அதனால்தான் பிடிபடுவதில்லை என்றார் வெர்ஜில். சங்கம் இரண்டானது. சங்கத்துச் சொத்தாக இருந்த, பிக்ஃபுட் தடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த அச்சுகளில் இடது கால் டெல்பர்ட்டுக்கும் வலது கால் வெர்ஜிலுக்கும் போனது. அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

வெர்ஜில் மட்டையும் கையுமாக நின்றிருந்தார். பக்கத்தில், போர்ட்லண்டிலிருந்து புதிதாகச் சங்கத்தில் சேர்ந்த ஓர் இளம் ஜோடி. பள்ளத்தாக்குக்கு அப்பால் ஜோலீன் தட்டினாள். டக், டக், டக்.

வெர்ஜில் மட்டையை ஓங்கி, அப்படியே நிறுத்தினார்.

"இது அவன் இல்ல."

"எவன்?" என்றாள் அந்தப் பெண்.

"நான் ஆறு வருஷமா கேக்கறேம்மா. அவன் கிழட்டு ஆண். இடதுகைப் பழக்கம். கொஞ்ச நாளா ஒரு கால் சரியில்ல, மூணாவது தட்டு தொய்ஞ்சு விழும். பொல்லாத கோபக்காரன். பதில் சொல்லக் கொஞ்சம் தாமதிச்சா போதும், மரத்தையே பிளக்கறாப்ல அடிப்பான்."

"அப்போ இது?"

"குட்டி!" என்றார் வெர்ஜில். "கிழவன் குட்டிக்குச் சொல்லிக் குடுத்திருக்கான்." பிறகு தொப்பியைக் கழற்றினார். "இல்ல, ஒருவேளை... அவன் போய்ச் சேந்துட்டானோ என்னவோ." வேனின் பின்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எவன்டா போய்ச் சேந்தான்?" என்று உறுமிக்கொண்டு டெல்பர்ட் புதரை விட்டு எழுந்தார்.

ஆறரை அடி உயரம், மார்புவரை தாடி, பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு, நொண்டும் கால். அந்தப் பெண் வீறிட்டாள். அவள் கணவன் பின்வாங்கிக்கொண்டே போனில் ஒரு படம் எடுத்தான்.

"நீயா?" என்றார் வெர்ஜில். "நீ இங்க என்னடா பண்ற?"

"என் தட்டுக்கு எவன் பதில் தட்டறான்னு பாக்க வந்தேன்."

வெர்ஜில் டெல்பர்ட்டின் முட்டியைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். கடைசியில் தன் மட்டையைப் பார்த்தார்.

"நீன்னு தெரிஞ்சிருந்தா ஒரு தட்டு தட்டியிருப்பேனா?"

"நான் மட்டும் தட்டியிருப்பேனாக்கும்!"

டெல்பர்ட்டின் கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. "அப்பா? யாருப்பா அது?"

டெல்பர்ட் ரேடியோவின் பொத்தானை அழுத்தினார். "வெர்ஜில்."

"அப்போ மனுஷன்தான். பெட்டியக் கட்டு."

"அவசரப்படாத ஜோ. இவன மனுஷன்னு யாரு முடிவு பண்ணது?"

"எந்தப் பெட்டிடா?" என்றார் வெர்ஜில். பந்தயத்தை நான் சொன்னேன். அவர் டெல்பர்ட்டின் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினார்.

"ஜோலீன், வெர்ஜில் பேசறேன். உங்கப்பன நீ கூட்டிட்டுப் போயிட்டா நான் சனிக்கிழமை யாருக்கும்மா தட்டறது?"

"உங்களுக்குத்தான் வேற உலகத்துக் கதவெல்லாம் இருக்கே, அங்கிள்."

"அங்கேருந்து யாரும் பதில் தரலம்மா."

டெல்பர்ட் வாயைத் திறந்தார். இப்படி ஒரு வாக்குமூலத்துக்காக அவர் ஆறு வருஷம் காத்திருந்தவர். ஆனால் கையை நீட்டி, வெர்ஜிலுக்குக் கேட்கட்டும் என்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

"அவர் மறுபடி விழுந்தா?" ஜோலீனின் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "போன தடவ யாருக்குமே தெரியல. அங்க போன் சிக்னலும் கிடையாது, மேப்ல பாத்துட்டேன்."

"போன தடவ சனிக்கிழமை இல்ல, தனியா விறகு பொறுக்கப் போயிருக்கான். இனிமே என்கிட்டச் சொல்லாம மேல ஏறமாட்டான். விழுந்தா தட்டு வராது. தட்டு வரலன்னா எனக்குத் தெரியாதா? இப்ப நீ தட்டினதுக்கே என் உயிர் போயிடுச்சு."

ரேடியோ மறுபடி கரகரத்தது.

"முதல் பனி விழற வரைக்கும்தான் அவர் இங்க," என்றாள் ஜோலீன். "குளிர்காலம் முழுக்க டகோமா. பனி உருகினதும் கொண்டுவந்து விடறேன். அங்கிள், அவர் இங்க இருக்கறப்ப தினமும் ரேடியோல அவரக் கூப்பிடணும்."

"தினமுமா? இவனையா?" என்றார் வெர்ஜில்.

"அதுக்கு டகோமாவே மேல்," என்றார் டெல்பர்ட். ஆனால் சரியென்று தலையை ஆட்டிவிட்டு, மட்டையை வாங்கிப் பக்கத்து மரத்தில் ஓர் அறை விட்டார். அப்பாலிருந்து ஜோலீன் பதில் தட்டினாள்.

அந்த இளம் ஜோடி எங்கள் விளக்கத்தை நம்பவில்லை. பிக்ஃபுட் தென்பட்ட இடங்களைக் குறிக்கும் இணைய வரைபடத்தில் இப்போது அந்தச் சரளைத் திட்டின் மேல் ஒரு புதுப் புள்ளி இருக்கிறது. தொட்டால் மங்கலான படமும் குறிப்பும் வரும்: முதிர்ந்த ஆண், பழுப்பு ரோமம், ஒரு கால் நொண்டல், தெளிவாகப் பேசுகிறது.

ஜோலீன் அதை அச்சடித்து இருவருக்கும் கொடுத்தாள்.

"நொண்டல்னு போட்டிருக்கான் பாரு," என்று டெல்பர்ட் கொதித்தார்.

"அது பரவால்ல," என்றார் வெர்ஜில். "கோபக்காரன்னு நான் அவ்வளவு சொல்லியும் விட்டுட்டான்."